கடல் தண்ணீரில் கழுவிய பீப்பா

ஊர்காவற்றுறைப் பொலிஸ் நிலையம். 1976 யூன் 29, செவ்வாய்க்கிழமை, காலை 10.20. சந்தேகநபரின் இரண்டாவது வாக்குமூலம். கேட்டு எழுதுபவர் சார்ஜன்ற் அரியநாயகம்.

என் பெயர் கந்தையா தில்லைநாதன். வயது 48. தொழில் மாட்டுவண்டில் ஓட்டுதல். வசிப்பது புங்குடுதீவு, கண்ணாவடி. மனைவியின் பெயர் அன்னபூரணம். இரண்டு பெண் பிள்ளைகள். எனக்கு எழுத வாசிக்கத் தெரியும். எங்கள் கண்ணாவடிப் பிள்ளையார் கோயில் தேரன்று வீதி மண்ணில் உருண்டு பிரதட்டை பண்ணிய ஆண்களில் பதினேழு பேருக்கு முதுகு வெந்து போனது. வீதிக்கு நான் ஊற்றிய தண்ணீரில் வேண்டுமென்றே நஞ்சு கலந்தேன் என்று கோயிலை நடத்துகிற மணியம் அம்பலவாணர் என்மேல் முறைப்பாடு கொடுத்திருக்கிறார். பரிசோதனை அறிக்கை வந்துவிட்டது என்று இன்று எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். அவர் இப்போது சுவரோர வாங்குப் பலகையில் இருக்கிறார். இந்த மாதம் பதினான்காம் திகதி இதே மேசையில் நான் கொடுத்த வாக்குமூலத்தில் ஒன்றைத் தவிர எல்லாம் உண்மை. அந்த ஒன்று பொய். அதைத் திருத்த வேண்டும் என்று நானாகவே கேட்டேன். முதலிலிருந்து ஒழுங்காகச் சொல்லும்படி சார்ஜன்ற் ஐயா சொன்னபடியால் அப்படியே சொல்கிறேன்.

மே மாதம் ஒன்பதாம் திகதி விடிய, கச்சான் காற்று எழும்பிய மறுநாள், கரையில் ஏதும் ஒதுங்கியிருக்குமா என்று பார்க்கப் போனேன். கண்ணாப் பற்றைக்குள் ஒரு நீலநிற இரும்புப் பீப்பா கிடந்தது. எங்கள் ஊரில் கடல் கொண்டுவந்த பொருளை முதலில் காண்கிறவன் தன் சால்வையை அதன்மேல் போட்டுவிட்டால் அது அவனுடையது, பிறகு வேறு ஒருவரும் தொடமாட்டார்கள். நான் சால்வையைப் போட்டுவிட்டு வண்டில் கொண்டுவர வீட்டுக்குப் போனேன். பீப்பாவின் பக்கத்தில் ஏதோ எழுதியிருந்தது. தமிழும் இல்லை, இங்கிலிஷும் இல்லை, பாதி உப்பில் அழிந்திருந்தது. மண்டையோடு, எலும்பு என்று பயப்படுத்தும் படம் ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் சால்வையைப் போட்டிருக்க மாட்டேன், சால்வையோடு ஓடியிருப்பேன்.

வண்டிலோடு திரும்பி வந்து மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே அடியில் மஞ்சளாக, கட்டிச் சவர்க்காரம்போல ஒன்று நான்கு விரல் மொத்தத்துக்கு இறுகிக் கிடந்தது. அலவாங்கால் இடித்துப் பெரும்பகுதியை வெளியே எடுத்துக் குழி வெட்டித் தாட்டேன். மிச்சம் விளிம்போடு ஒட்டியிருந்தது. கடல் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றி, மணலும் தேங்காய்ப் பொச்சும் போட்டுத் தேய்த்து, ஏழு தரம் கழுவினேன். ஏழாம் தரம் வந்த தண்ணீர் கடல் தண்ணீரைப்போலத் தெளிவாகத்தான் இருந்தது. ஒட்டியிருந்தது கரையவில்லை. கரையாதது தண்ணீரோடு வராது என்று நினைத்தேன்.

ஏன் நல்ல தண்ணீரில் கழுவவில்லை என்று அன்று முதல் பலபேர் கேட்டுவிட்டார்கள். கேட்டவர்கள் எல்லாரும் குழாயைத் திருகி முகம் கழுவுகிறவர்கள். எங்கள் குறிச்சிக்கு நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றுதான். மற்றக் கிணறுகள் சவர். சித்திரை பிறந்தால் பெண்கள் விடிய நாலு மணிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, ஊறுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அவர்களுக்கு நடுவே போய், பீப்பா கழுவப் பத்து வாளி தண்ணீர் தாருங்கள் என்று கேட்கிற துணிவு எனக்கு இல்லை. கடல் தண்ணீர் கேட்பாரற்றுக் கிடக்கிறது. எங்கள் ஊரில் எந்தப் பாத்திரத்துக்கும் முதல் கழுவல் கடலில்தான்.

அந்தப் பீப்பாவைக் குசினிப் பக்கம் வைக்க வேண்டும் என்று என் மனைவி ஆசைப்பட்டாள். "முதல் தண்ணி பிள்ளையாருக்கு. திருவிழா முடிய உனக்குத் தாறன்" என்று நான் சொன்னேன். எந்தப் புதுப்பொருளானாலும் முதலில் பிள்ளையாருக்கு என்பது எங்கள் வழக்கம். அவள் முகத்தை நீட்டிக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை. அவள் சொல்லைக் கேட்டிருந்தால் என் பிள்ளைகள் அதில் குடித்திருப்பார்கள்.

யூன் மாதம் மூன்றாம் திகதி, அதாவது கொடியேற்றத்துக்கு முதல் நாள், ஒரு விடயம் நடந்தது. நான் பொய் சொன்னது அதைப் பற்றித்தான். அதைக் கடைசியில் சொல்ல அனுமதி கேட்டேன். சார்ஜன்ற் ஐயா சம்மதித்தார்.

அதன் பிறகு பன்னிரண்டாம் திகதி தேர். தேருக்குப் பின்னால் ஆண்கள் கையில் தேங்காயைப் பிடித்துக்கொண்டு வெறும் மேலோடு வெளிவீதியில் உருண்டு வருவார்கள். பெண்கள் அவர்களுக்குப் பின்னால் நிலத்தைத் தொட்டுக் கும்பிட்டு அடியழித்து வருவார்கள். வைகாசி வெயிலில் அந்த மண்ணில் கால் வைக்க ஏலாது. அதனால் முன்னுக்கே வீதிக்குத் தண்ணீர் ஊற்றுவது ஒன்பது வருடமாக என் தொண்டு. வழக்கமாக ஒரு பீப்பா கொண்டுபோவேன், இந்த வருடம் இரண்டு. முதல் நாள் பின்னேரமே நல்ல தண்ணீர்க் கிணற்றில் கேட்டு இரண்டையும் நிரப்பி, வெயிலில் வண்டிலோடு விட்டிருந்தேன். காலையில் நீலப் பீப்பாத் தண்ணீர் கொஞ்சம் மங்கலாக இருந்தது. கையை முழங்கை வரை விட்டுக் கலக்கிப் பார்த்தேன். எரிவு இல்லை, மணம் இல்லை. அந்தத் தண்ணீரிலேயே முகமும் கழுவினேன். இதை நான் அன்றே சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை.

ஊற்றும்போது ஒரு வாளி சிந்தி இடப்பக்கத்து மாட்டின் தோளில் பட்டது. நுகம் அழுத்தி அந்த இடத்தில் அதற்கு ஒரு புண் இருந்தது. கொஞ்ச நேரத்தில் மாடு துள்ளி உதைத்தது. இலையான் கடிக்கிறது என்று நினைத்து ஒரு தட்டுத் தட்டினேன். அந்த மாட்டிடம் பிறகு மன்னிப்புக் கேட்டேன். இதை எழுதத் தேவையில்லை என்றால் விட்டுவிடலாம்.

அன்று இருபத்துமூன்று ஆண்கள் பிரதட்டை பண்ணினார்கள். அவர்களில் அம்பலவாணரின் மகன் குலசிங்கமும் ஒருவன். அவனுக்கு இருபது வயது. எனக்கு மகன் முறை. பத்து வயதிலிருந்து வருடா வருடம் என் காலுக்குப் பின்னால் உருளுகிறவன். இந்த முறை நான் உருளவில்லை. வேலியோரமாக வண்டில் அடியில் நின்று கும்பிட்டேன். அன்று பொழுதுபட எல்லாருக்கும் முதுகு சிவந்தது. வெயில் என்றார்கள். மறுநாள் காலையில் பதினேழு பேருக்குக் கொப்புளம் போட்டிருந்தது. குலசிங்கத்தையும் இன்னும் இரண்டு பேரையும் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அடியழித்த பெண்களில் ஒருவருக்கும் உள்ளங்கையிலோ நெற்றியிலோ ஒன்றும் இல்லை. முழங்கால் உரைஞ்சுபோன இரண்டு பேருக்கு மட்டும் முழங்காலில் எரிவு இருந்தது.

அன்று பின்னேரம் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்பலவாணர் அண்ணை வாசலில் நின்று என்னை உள்ளே விடவில்லை. யன்னலால் பார்த்தேன். குலசிங்கம் வாழையிலையில் குப்புறக் கிடந்தான். தலையைத் திருப்பி என்னைக் கண்டுவிட்டு, "சின்னையா, இந்தமுறை நீங்கள் ஏன் பிரளேல்லை?" என்று கேட்டான். தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். நான் அப்படி வந்ததை அவனுடைய தகப்பன் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் பொலிசார் என்னைக் கூட்டிவந்தார்கள். எனக்கு எதிராக மூன்று விடயம் இருந்தது. ஒன்று, தை மாதத்தில் எங்கள் இருவருக்கும் நடந்த வேலிச்சண்டை. அவர் வேலிக் கதியாலை ஒரு முழம் எங்கள் பக்கம் தள்ளி நட்டார் என்று, "உங்கடை முதுகுத்தோலை உரிச்சுப்போட்டுத்தான் எனக்கு மற்ற வேலை" என்று நான் சந்தியில் நின்று கத்தினேன். கத்தியது உண்மை. ஊரில் எல்லாரும் கத்துவதுதான், ஒருவரும் உரிப்பதில்லை. அவருடைய மகனின் முதுகுத்தோல் உரியுமென்று எனக்கு எப்படித் தெரியும்? இரண்டாவது, அந்தத் தண்ணீரில் கைவிட்டேன், முகம் கழுவினேன் என்று நான் சொன்னது. என் கையிலும் முகத்திலும் ஒரு பொட்டுக் காயம் இல்லாதபடியால் அது பச்சைப் பொய் என்றார்கள். மூன்றாவது, பதினாலு வருடமாக உருண்டவன் இந்த வருடம் மட்டும் உருளாமல் விட்டது. தெரிந்துதான் விட்டான் என்று ஊர் முழுக்கக் கதைத்தது. சார்ஜன்ற் ஐயா காரணம் கேட்டார். இடுப்பில் நாரிப்பிடிப்பு என்று சொன்னேன். தேரன்று காலையில் இரண்டு பீப்பாத் தண்ணீரையும் வாளி வாளியாகத் தூக்கி ஊற்றினேன் என்று அரை மணித்தியாலம் முன்பு நானே சொல்லியிருந்தேன். ஐயா எழுதுவதை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுதினார். ஒரு இரவு மறித்து வைத்துவிட்டு, மறுநாள் பிணையில் விட்டார்கள்.

அதன் பிறகு சுகாதாரப் பரிசோதகர் ஐயாத்துரை என் வீட்டுக்கு வந்து, பீப்பாவில் மிஞ்சியிருந்த தண்ணீரை ஆறு போத்தல்களில் எடுத்து, அரக்கு வைத்து முத்திரை குத்தி, என்னிடமும் மனைவியிடமும் கையெழுத்து வாங்கினார். விளிம்பில் ஒட்டியிருந்ததையும் சுரண்டி எடுத்தார். பீப்பாவைத் தடை செய்தார். அதோடு நிற்காமல் வீடு வீடாகப் போய், கடலில் வந்த பீப்பாக்களில் தண்ணீர் வைத்திருந்தவர்களின் பீப்பாக்களையெல்லாம் கவிழ்த்தார். அவை ஒன்பது. அன்று ஒன்பது வீட்டுப் பெண்களும் என்னைத் திட்டினார்கள்.

யூன் 22ஆம் திகதி காலை என்னை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப்போனார்கள். கொழும்பிலிருந்து வந்த அரசாங்கப் பகுப்பாளர் ஞானசவுந்தரி அம்மா அங்கே ஒரு பழைய கட்டிடத்தில் பரிசோதனை வைத்திருந்தார். முத்திரையை உடைக்க முதல், அது நான் கையெழுத்து வைத்த போத்தல்தான் என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று அவர்தான் கேட்டிருந்தார். பார்த்தேன். அரக்கு உடையாமல் இருந்தது. என் கையெழுத்தும் இருந்தது. அதன் பிறகு அவர் மேசையைக் காட்டினார். ஆறு வெள்ளை முயல்கள் பெட்டிகளில் கழுத்து மட்டும் வெளியே தெரிய இருந்தன. முதல் நாளே முதுகு மயிரை வழித்துவிட்டிருந்தார்கள். வழித்த முதுகு பிறந்த பிள்ளையின் தோல்போல இருந்தது.

அந்த அம்மா செய்ததை நான் கண்ணால் கண்டபடி சொல்கிறேன். ஒவ்வொரு முயலின் முதுகிலும் இடப்பக்கத்தை அப்படியே விட்டார். வலப்பக்கத்தில் ஊசி முனையால் மெல்லக் கோடு கோடாகக் கீறினார். இரத்தம் வரக் கூடாது, மேல்தோல் மட்டும் கீற வேண்டும் என்றார். அதன் பிறகு ஒரு சின்னக் குழாயால் அளந்து, இரண்டு துண்டுத் துணியில் பீப்பாத் தண்ணீரை விட்டு, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று வைத்து, பிளாஸ்ரர் ஒட்டி, மேலே றபர்த் துண்டால் உடம்பைச் சுற்றிக் கட்டினார். ஆறு முயலுக்கும் ஒரே அளவு, ஒரே மாதிரி. நேரத்தைப் புத்தகத்தில் எழுதினார். இருபத்துநாலு மணித்தியாலத்தில் அவிழ்த்து ஒருமுறை பார்ப்பாராம். எழுபத்திரண்டாம் மணித்தியாலத்தில் இன்னொருமுறை பார்ப்பாராம். சிவப்புக்குப் பூச்சியத்திலிருந்து நாலு வரை புள்ளி, வீக்கத்துக்கும் பூச்சியத்திலிருந்து நாலு வரை புள்ளி. ஆறையும் கூட்டிப் பிரித்துத்தான் முடிவு.

"ஒரு முயலிலை பாத்தாக் காணாதோ, அம்மா?" என்று கேட்டேன். அவற்றைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. "காணாது, ஐயா. ஒண்டுக்குத் தோல் தடிப்பா இருக்கும், ஒண்டுக்கு மெல்லிசா இருக்கும். ஒண்டை வைச்சு உங்களைக் குற்றவாளி எண்டும் சொல்லேலாது, சுத்தவாளி எண்டும் சொல்லேலாது. விதியிலை ஆறு எண்டு கிடக்கு" என்றார். கீறின பக்கம் எதற்கு என்று கேட்டேன். மனிதருடைய தோல் எப்போதும் முழுசாக இருப்பதில்லை, அதனால் இரண்டு மாதிரியும் பார்க்க வேண்டும் என்பது விதி என்றார். அந்தச் சொல் அப்போது எனக்கு விளங்கவில்லை.

நான் போகும்போது மடியில் கொஞ்சம் முசுட்டை இலை கொண்டுபோயிருந்தேன். முயல் என்று கேள்விப்பட்டபடியால் கொண்டுபோனேன். பரிசோதனை முயலுக்கு அளந்த தீன்தான் கொடுக்கலாம் என்று அந்த அம்மா மறுத்துவிட்டார். அதன் பிறகு மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு பக்கமும் வெந்தால் நான் பொய்யன், தண்ணீரில் கைவிட்டேன் என்றது பொய். இரண்டு பக்கமும் வேகாவிட்டால் பதினேழு பேர் எப்படி வெந்தார்கள் என்று கேட்பார்கள், வேறு எதையோ கொண்டுவந்து ஊற்றினான் என்பார்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் எனக்கு மறியல்வீடுதான் என்று மனைவிக்குச் சொன்னேன். அவள் பிள்ளைகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

25ஆம் திகதி வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மறுபடியும் போனேன். ஐயாத்துரையும் வந்தார். அந்த அம்மா ஒவ்வொரு முயலாகத் திருப்பிக் காட்டினார். இடப்பக்கம் ஆறிலும் ஒன்றும் இல்லை. வெள்ளைத் தோல் வெள்ளையாகவே இருந்தது. வலப்பக்கம் ஆறிலும் சிவந்து வீங்கியிருந்தது. நான்கில் கடுமை, இரண்டில் கொஞ்சம் குறைவு. கீறிய கோட்டோடு கோடாகக் கொப்புளம் போட்டிருந்தது. குலசிங்கத்தின் முதுகில் நான் யன்னலால் கண்டதும் அப்படித்தான்.

அந்த அம்மா சொன்னதை அப்படியே எழுதும்படி கேட்கிறேன். "முழுத்தோலிலை இந்தத் தண்ணி ஒண்டும் செய்யாது. உரைஞ்ச தோலிலை பட்டாத்தான் எரிக்கும், அதுவும் உடனை இல்லை, மணித்தியாலக் கணக்காகும். இவர் கைவிட்டுப் பாத்தவர் எண்டது பொய்யில்லை. அப்பிடிப் பாத்த எவருக்கும் ஒண்டும் தெரிஞ்சிராது." எங்கள் வீதி மண்ணில் பாதி சிப்பித்தூள். அதில் மூன்று சுற்று உருண்டால் முதுகு முழுக்க உரைஞ்சுபோகும். நான் அங்கேயே நிலத்தில் இருந்துவிட்டேன். அழுதேன். அழுதேன் என்றே எழுதலாம், வெட்கமில்லை. பத்து நாளாக என்னை நம்பின ஒரே ஆள் என் மனைவி. இப்போது ஆறு முயலும் ஒரு அரசாங்க உத்தியோகத்தரும் சேர்ந்துகொண்டார்கள்.

மாட்டின் தோள்புண்ணைப் பற்றி அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது, சொன்னேன். அந்த அம்மா சிரித்துவிட்டு, "அப்ப எனக்கு முதலே உங்கடை மாடு சோதிச்சிட்டுது. நீங்கள்தான் அறிக்கையை வாசிக்கேல்லை" என்றார்.

அதன் பிறகு அவர் இரண்டு கண்ணாடிக் கிளாசை எடுத்தார். பீப்பாவில் சுரண்டிய மஞ்சள் கட்டியில் ஒவ்வொரு துண்டு போட்டார். ஒன்றில் கடல் தண்ணீர் விட்டார், மற்றதில் கிணற்றுத் தண்ணீர் விட்டார். கடல் தண்ணீரில் அது கல்லாகக் கிடந்தது. கிணற்றுத் தண்ணீரில் கொஞ்ச நேரத்தில் பால்போல மங்கிக் கரையத் தொடங்கியது. அது மரம் உக்காமல் இருக்க எங்கேயோ பாவிக்கிற ஒரு மருந்து என்றும், சவர்க்காரத்தின் குணம் உள்ளது என்றும் சொன்னார். சவர்க்காரம் கடல் தண்ணீரில் நுரைக்காது என்பது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஏழு தரம் கழுவிய எனக்குத் தெரியாமல் போனது. நான் கழுவிய ஏழு கழுவலும் வீண். அதை முதன்முதலாக நன்றாகக் கழுவிய தண்ணீர் நான் பிள்ளையாரின் வீதிக்கு ஊற்றிய தண்ணீர்தான். அந்த மடத்தனம் என்னுடையது. பதினேழு பேரிடமும் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்கத் தொடங்கிவிட்டேன். இன்றுவரை பதினொரு வீடு முடிந்தது. இரண்டு வீட்டில் தேத்தண்ணியும் தந்தார்கள்.

முயல்களை என்ன செய்வீர்கள் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். புண் ஆறிய பிறகு கூட்டுக்குத் திரும்பும் என்றார். இந்த முறையும் கொண்டுபோயிருந்த முசுட்டை இலையை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தேன். அன்று மத்தியானம் சந்திக் கடையில் இரண்டு கோப்பை சோறு தின்றேன்.

இனி அந்தப் பொய். இன்று காலை அறிக்கையை வாசித்துவிட்டுச் சார்ஜன்ற் ஐயா, "தில்லைநாதன், நஞ்சு வைச்சனீர் எண்ட கதை முடிஞ்சுது. ஆனா நாரிப்பிடிப்பை நான் நம்பேல்லை. ஏன் காணும் பிரளாமல் விட்டனீர்?" என்று கேட்டார். சட்டப்படி இனி நான் அதற்குப் பதில் சொல்லத் தேவையில்லை என்றும் சொன்னார். ஆனால் குலசிங்கமும் அதைத்தான் கேட்டான். அதனால் சொல்கிறேன்.

யூன் மூன்றாம் திகதி எனக்குப் பதுளையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கே கடை வைத்திருந்த வைத்திலிங்கம் மே 31ஆம் திகதி காலமாகிவிட்டார், அங்கேயே தகனம் செய்துவிட்டோம் என்று அவருடைய மனைவி எழுதியிருந்தார். வைத்திலிங்கத்தின் தகப்பனும் என் தகப்பனும் அம்பலவாணர் அண்ணையின் தகப்பனும் கூடப்பிறந்த சகோதரர்கள். எனவே எனக்கு முப்பத்தொரு நாள் சாவுத் துடக்கு. கோயிலுக்குள் போக ஏலாது, பிரதட்டை பண்ண ஏலாது. அதே துடக்கு அம்பலவாணர் அண்ணைக்கும் உண்டு. விடிந்தால் கொடியேற்றம். அவர்தான் மணியம். வைத்திலிங்கம் இருபது வருடமாக அவரோடு கதைபேச்சு இல்லாதபடியால் கடிதம் எனக்கு மட்டும்தான் வந்திருக்கும் என்று நினைத்தேன். நான் வாய் திறந்தால் அவர் விலக வேண்டும், திருவிழா குழம்பும். வேலிக் கோபத்தில் தில்லைநாதன் செத்தவீட்டுக் கடிதத்தைக் கொண்டுவந்து திருவிழாவைக் குழப்பினான் என்று ஊர் சொல்லும். அதனால் கடிதத்தை வீட்டுக் கூரை வளையில் செருகிவிட்டு, துடக்கை நான் ஒருவனாகக் காத்தேன். உள்ளே போகவில்லை, உருளவில்லை. வெளிவீதி மண்ணுக்குத்தானே என்று தண்ணீர் மட்டும் ஊற்றினேன். அதுவும் பிழை என்றால் ஏற்றுக்கொள்கிறேன். முகம் வெந்த அண்ணைக்கு முன்னால் இதை அன்று சொல்ல வாய் வரவில்லை. நாரிப்பிடிப்பு என்று சொல்லிவிட்டேன்.

நான் இதைச் சொல்லி முடித்ததும் அம்பலவாணர் அண்ணை வாங்கிலிருந்து எழும்பி, "சார்ஜன்ற், அந்தப் பேனையைக் கொஞ்சம் வையுங்கோ" என்றார். வாக்குமூலம் நடக்கும்போது வைக்க ஏலாது என்று ஐயா சொன்னார். எனவே பிறகு நடந்ததும் இதில் வருகிறது.

அவர் சேட்டுப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்தார். அதற்குள் எட்டாக மடித்து வைத்திருந்த ஒரு கடிதத்தை விரித்து மேசையில் வைத்தார். அதே கையெழுத்து. அதே மை. "எனக்கும் வந்தது. அதே மூண்டாந் திகதி. மனுசிக்கும் காட்டேல்லை" என்றார். "இவனுக்குச் சொன்னால், வேலிக் கோபத்திலை குருக்களிட்டை ஓடுவான் எண்டு நினைச்சு மறைச்சனான்."

பிறகு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், ஏலாமல் போனது. சிரித்ததையும் எழுதவா என்று சார்ஜன்ற் ஐயா கேட்டார். எழுதலாம் என்றேன். அண்ணை சிரிக்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் துடக்கோடை பரிவட்டம் கட்டித் தேருக்கு முன்னாலை நடந்தனான். இவன் துடக்கைக் காத்து வண்டிலடியிலை நிண்டவன். அவனைத்தான் நஞ்சு வைச்சவன் எண்டு நான் எழுதிக் குடுத்தனான்" என்றார். நான் என் கதிரையை அவருக்குக் கொடுத்தேன். "இருங்கோ, அண்ணை" என்று மட்டும் சொன்னேன். தை மாதத்துக்குப் பிறகு அவரை நான் அண்ணை என்று கூப்பிட்டது இதுதான் முதல்தரம்.

முறைப்பாட்டைத் திரும்பப் பெறுவதாக அவர் தனியாக எழுதிக் கொடுத்தார். குருக்களிடம் இருவருமாகப் போய் உள்ளதைச் சொல்வது என்றும், என்ன பிராயச்சித்தம் சொன்னாலும் இருவரும் சேர்ந்து செய்வது என்றும் பேசிக்கொண்டோம். நாளை முப்பத்தோராம் நாள். முதல் பஸ்ஸில் இருவரும் கீரிமலைக்குப் போய், வைத்திலிங்கத்தின் பேரில் முழுகித் துடக்குக் கழிக்கப் போகிறோம். வேலியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அது தனி வழக்கு. குலசிங்கத்துக்கு முதுகு ஆறிவிட்டது. இங்கிருந்து நேரே அவனிடம் போய், ஏன் உருளவில்லை என்று நானே சொல்லப் போகிறேன். அவனுடைய தகப்பனும் பக்கத்தில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. சார்ஜன்ற் ஐயா முழுவதையும் வாசித்துக் காட்டினார், கேட்டேன். "முகம் வெந்த அண்ணை" என்று நான் சொன்னது அவருடைய மகனின் முதுகைப் பார்த்து அவருடைய முகம் போன போக்கைத்தான். அவருக்குத் தீக்காயம் ஒன்றும் இல்லை என்று விளக்கம் சேர்க்கச் சார்ஜன்ற் ஐயா சொன்னார், சேர்க்கிறேன். மற்றபடி இதில் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை, ஒருவருக்கும் பயந்து சொன்னதும் இல்லை. எனக்கு நாரிப்பிடிப்பு ஒருநாளும் இருந்ததில்லை.

(ஒப்பம்) க. தில்லைநாதன்